பட்டுப்புழு வைரஸையும் படியுங்கள்: உயிரறிவியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் உயிரறிவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பட்டுப்புழுவைத் தாக்கும் வைரஸின் மரபணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தீபாவளி நெருங்கினால் பட்டு வாங்கத் தேக்காவுக்குப் போகிறோம். தருமபுரி, ஓசூர், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்பவர்களுக்குப் பெரும் அச்சம் இந்த வைரஸால் வரும் பால்புழு நோய். நோய் கண்ட புழுவின் உடல் கணுக்கணுவாக வீங்கும், தோல் பளபளக்கும். படுக்கையின் ஓரம் ஓரமாக ஓயாமல் ஊரும். பிறகு தோல் கிழிந்து பால் போன்ற நீர் வழியும். அந்த நீரில் வைரஸ் படிகங்கள் நிறைந்திருக்கும். அது பட்ட இலையைத் தின்ற புழுவுக்கும் அதே கதி. மருந்து கிடையாது. வளர்ப்பு மனையைப் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் போட்டுச் சுத்தம் செய்து, நோய்ப்புழுவைப் பொறுக்கி அழிப்பதுதான் வழி. கூடு கட்டச் சில நாளே இருக்கும்போது நோய் பரவினால், இலைக்கும் கூலிக்கும் போட்ட பணம் போனது போனதுதான்.

இந்த வைரஸின் முழு மரபணுத்தொகுதி 1999-இல் வெளிவந்தது: 128,413 இணைக்காரங்கள் (டிஎன்ஏ எழுத்துச் சோடிகள்), 136 மரபணுக்கள். அவற்றில் என் மனத்தை விட்டு அகலாதது பிடிபி என்ற ஒன்று. புழுவை அப்படி ஊரவைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அதை நீக்கிய வைரஸைச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2005-இல் வந்தது. நோய் கண்டது, அந்த அலைச்சல் மட்டும் காணவில்லை. பழங்காலத்தில் ஏதோ ஒரு பூச்சியிடமிருந்தே வைரஸ் இந்த மரபணுவைக் கவர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு பெரிய களவு! இதன் நெருங்கிய உறவான இன்னொரு வைரஸ் பட்டுப்புழுவில் சாதாரணமாகப் பெருகாது. ஆனால் அதன் ஹெலிகேஸ் (டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் நொதி) மரபணுவில் ஒரு சிறு துண்டை மாற்றிவைத்ததும் பட்டுப்புழுவையும் கொன்றது.

ஹைதராபாத் ஆய்வாளர்கள் வைரஸின் பல மரபணுக்களை ஒருசேரச் செயல்படவிடாமல் தடுக்கும் பட்டுப்புழுக்களை உருவாக்கி 2013-இல் அறிவித்தார்கள். எனக்கு அது பெரிய நம்பிக்கை. ஆனால் எந்த மரபணு ஊருக்கு ஊர் மாறுகிறது, எது எங்கும் மாறாமல் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான இடத்தைக் குறிவைக்க முடியும். ப்ரோ என்ற மரபணுக் குடும்பம் மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது, அங்கிருந்தே தொடங்கலாம். இதற்கு இங்கே புழு வளர்க்க வேண்டியதில்லை. ஜென்பேங்க் என்ற இணையத் தரவுத்தளத்தில் மரபணு வரிசைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு கணினி போதும்.

சிங்கப்பூருக்கு இது புதிய வேலையும் அல்ல. பண்ணைக் களவா மீனைத் தாக்கும் இரிடோவைரஸின் 140,131 இணைக்காரங்களையும் இங்குள்ள ஆய்வாளர்கள் வாசித்து 2004-இல் வெளியிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆய்வை முடித்ததும் அதன் சுருக்கத்தைத் தமிழிலும் இரண்டு பக்கம் எழுதுங்கள். புழு வளர்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்கள் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். தலைப்புகளை முடிவு செய்வதற்கு முன் உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள்.

அன்புடன்,
தருமபுரியில் பிறந்து உட்லண்ட்ஸில் வாழும் ஓர் ஆய்வக ஊழியர்