பாதிக் கோப்பைத் தேத்தண்ணிக்கு நன்றி

அன்புள்ள அக்காமார், அண்ணைமார், தம்பி தங்கச்சிமாருக்கு,

டிசெம்பர் 3ஆம் திகதி, வலுவிழந்தோர் தினத்தன்று, எங்கள் கூட்டத்தில் நான் பேசி முடிக்கப் பதினொரு நிமிடம் எடுத்தது. எழுதி வைத்திருந்தது ஒரேயொரு பக்கம். வேறு யாரும் வாசித்திருந்தால் மூன்று நிமிடத்தில் மேடையை விட்டு இறங்கியிருப்பார்கள். அவ்வளவு நேரமும் மண்டபத்தில் ஒருவர்கூட என் வசனத்தை எனக்காக முடித்து வைக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் 1991இல் பிறந்தேன். கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை என்றிருந்த காலம். பிறந்த சில நாளிலேயே செங்கமாரி கடுமையாகி மூளையைத் தொட்டுவிட்டது. அந்த வாரத்தைப் பற்றி அம்மா இன்றைக்கும் முழுதாகச் சொன்னதில்லை. மூளை முடக்குவாதம் என்று பெயர். கை நான் சொல்கிற இடத்துக்குப் போகாது, நாக்கும் அப்படித்தான். யோசனைக்கு ஒரு குறையும் இல்லை. மூளையில் பட்ட சேதம் வருடத்தோடு கூடுவதில்லை என்பார்கள், சரி. ஆனால் முப்பதைத் தாண்டிய பிறகு கழுத்துக்கும் இடுப்புக்கும் அது தெரியவில்லை.

முதல் நன்றி பெயர் தெரியாத ஒருவருக்கு. சண்டையால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் அப்பாவின் சைக்கிள் அசையாமல் நின்றபோது, அந்த மழையில் என்னைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தவர். துள்ளுகிற பிள்ளையைத் தூக்குவது லேசில்லை. அவர் இந்த மடலைக் காணமாட்டார். பரவாயில்லை.

யாழ்ப்பாணத்தில் சக்கரக் கதிரையில் இருக்கிற ஆளைக் கண்டால் சனம் கேட்பது, “எங்க காயப்பட்டனீங்கள்?” என்றுதான். பிறப்பிலிருந்தே இப்படி என்றால் “ஓ...” என்று அம்மாவிடம் திரும்பி, “பிள்ளை தானாச் சாப்பிடுமோ?” என்பார்கள். பிள்ளைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஆகவே உங்கள் கூட்டத்துக்கு முதன்முதலாக வரும்போது எனக்குப் பயம். போரில் எறிகணையிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்களுக்கு நடுவில், ஒரு காயமும் இல்லாத நான் என்னத்தைச் சொல்ல?

அந்த நாளை நீங்கள் மறந்திருப்பீர்கள். கூட்டம் தொடங்கி கால் மணித்தியாலம் இருக்கும், தகரக் கூரையில் ஒரு தேங்காய் விழுந்தது. சின்னச் சத்தத்துக்கும் என் உடம்பு முழுதும் தூக்கிப் போடும், அது இந்த வாதத்தோடு வந்தது. வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தால், நீங்கள் அத்தனை பேரும் துள்ளியிருந்தீர்கள். ஒரு அண்ணை வாங்குக்குக் கீழே பாதி போய்விட்டார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தேத்தண்ணி வந்தது. எல்லோருக்கும் நிறைய, எனக்கு மட்டும் பெரிய கோப்பையில் பாதி. நான் கேட்கவில்லை, யாரும் விளக்கவும் இல்லை. ஊற்றின அக்காவுக்கு ஒரு கைதான். தளும்புவது என்றால் என்னவென்று அவவுக்குத் தெரியும்.

அம்மாவை வெளியே இருத்தியதற்கும் நன்றி. “அம்மா, நீங்கள் விறாந்தையில இருங்கோ, பிள்ளை சொல்லட்டும்” என்று தலைவி அக்கா சொன்னதில் அம்மாவுக்கு இரண்டு கிழமை கோபம். இப்போது விறாந்தையில் அவவுக்கென்று ஒரு தனிக் கூட்டமே நடக்கிறது. இத்தனை வருடம் எனக்காகக் கதைத்துக் களைத்த அம்மாவுக்கு அங்கேதான் தன் கதையைச் சொல்ல ஆள் கிடைத்தது.

பார்வையில்லாத ஆசிரியர் ஐயாவுக்கு: வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லித் தந்தீர்கள். வலுவிழந்தவர் என்பதற்காக ஒருவர் பொது இடத்துக்குள் போவதைத் தடுக்கக் கூடாது என்கிற 23ஆம் பிரிவை நானும் பாடமாக்கிவிட்டேன். ஒரு அலுவலகத்தின் ஐந்து படிக்குக் கீழே நின்று அதை ஒப்புவித்தும் பார்த்தேன். உள்ளே இருந்தவர் சட்டத்தை மறுக்கவில்லை. கையெழுத்து வாங்கப் புத்தகத்தோடு கீழே இறங்கி வந்தார்! படி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. திரும்பவும் போவேன் ஐயா.

எங்கள் வீட்டு வாசலில் சாய்தளம் கட்டித் தந்த மேசன் அண்ணைக்கு: முதல் கட்டியது வழுக்குப்பாறை மாதிரி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று நான் இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டீர்கள். மறுபேச்சில்லாமல் உடைத்துத் திரும்பக் கட்டினீர்கள். இரண்டாம் தரத்துக்குக் கூலியும் வாங்கவில்லை. அது எனக்கு மனவருத்தம்தான், வாங்கியிருக்க வேண்டும்.

ஓட்டோ அண்ணை, உங்களுக்குத் தனியாக எழுத வெளிக்கிட்டால் இன்னொரு மடல் வேண்டும். கதிரையை மடிக்க முன்னம் என் காலைப் பார்க்கிறீர்களே, அதற்கு மட்டும் இப்போதைக்கு.

மாசி மாதக் கூட்டம் எங்கள் வீட்டு முற்றத்தில். தென்னைகளில் முற்றின காயெல்லாம் பறித்தாயிற்று. தேத்தண்ணி அம்மாவின் பொறுப்பு, பாதிக் கோப்பை வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ.

அன்புடன்,
மூன்றாம் வாங்குக்குப் பக்கத்துக் கதிரை