என் நாற்காலி இன்னும் என்னிடமே இருக்கிறது

அன்புள்ள அலுவலக நண்பர்களே,

பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறேன். யார் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு வந்தது விழித்திரை நோய். முதலில் இருட்டில் தடுமாறினேன். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய்க்குள் பார்ப்பது போல ஆனது. 46 வயதில் கோப்பில் இருந்த எழுத்தும் மறைந்துவிட்டது. "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்களேன், கௌரவமாக இருக்கும்" என்றார் அப்போதைய மேலதிகாரி. நானும் வெள்ளைத்தாளை எடுத்துவிட்டேன்.

அந்தத் தாளைப் பிடுங்கி மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்ட சங்கத் தோழரே, முதல் வணக்கம் உங்களுக்கு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவை அன்று வாசித்துக் காட்டினீர்கள். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை அரசு அலுவலகம் வெளியே அனுப்பக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், கிடைக்கும்வரை கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். 19 வருடம் விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது தெரியவில்லை, பாருங்கள்!

அப்புறம், கணினிப் பிரிவுத் தம்பி. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானுக்குக் காசில்லை. பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். சிக்கல் அதன் பிறகுதான். எங்கள் பழைய படிவங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. உள்ளே ஆங்கில எழுத்து, வெளியே தமிழ் வடிவம். 'தமிழ்' என்று தட்டியிருந்த இடத்தில் திரைவாசிப்பான் 'ஜே கே பி ஓ' என்றது! பார்க்கிறவருக்குத் தமிழ், கேட்கிற எனக்கு வெறும் இரைச்சல். மூன்று மாதம் மதியச் சோற்று நேரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தீர்கள், தம்பி. எழுத்தாக இல்லாமல் படமாகவே இருக்கும் ஸ்கேன் செய்த கடிதங்களோடு இன்றும் மல்லுக்கட்டுதான். அது வேறு கதை.

"சும்மா வந்து கையெழுத்துப் போடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று பலர் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பிலேயே நான் மூலையில் முடங்கியிருப்பேன். "14 நினைவூட்டுக் கடிதம் நிலுவையில் நிக்குது, எப்ப முடிப்பீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டது நீங்கள் ஒருவர்தான், கண்காணிப்பாளர் அம்மா. அன்று எரிச்சல் வந்தது உண்மை. ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, என்னிடம் இன்னும் வேலை கேட்கிறார்கள் என்று.

ஒரே ஒரு வேண்டுகோள். தண்ணீர் கேனை பீரோவுக்கு அந்தப் பக்கமே வையுங்கள். போன வாரம் யாரோ நகர்த்தியதில் முழங்கால் இன்னும் வலிக்கிறது.

அன்புடன்,
தபால் பிரிவு, ஜன்னலோர மேசை