பழைய நாணயத்தைத் தேய்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய நாணயம் கிடைத்ததும் பாலிஷ் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

கீறல் நம் பையில் தொடங்குவதில்லை. நாணயச்சாலையில் அச்சிலிருந்து விழுந்து மற்ற நாணயங்களோடு மோதும்போதே முதல் வடு விழுந்துவிடுகிறது. அப்புறம் மூட்டை, கல்லாப்பெட்டி, எண்ணும் இயந்திரம் என்று அடிபடுகிறது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தைவிடத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் மிகவும் கடினமானது. பையின் அடியில் சேரும் மண்கூட அரம்போல் அராவிவிடும். முதலில் மழுங்குவது மேடான இடங்கள்தான்: தலை உருவம் என்றால் கன்னம், காதோர முடி. விளிம்பைச் சற்று உயர்த்தி அடிப்பதற்கு, இந்த உராய்விலிருந்து உருவத்தைக் காப்பதும் ஒரு காரணம்.

நாணயம் எவ்வளவு புழங்கியது என்று சேகரிப்பாளர்கள் கணிப்பது இந்தத் தேய்மானத்தை வைத்துத்தான். பாலிஷ் போட்டால் மேற்பரப்பு உலோகமும் கொஞ்சம் போய்விடும், மெல்லிய புதுக் கீறல்களும் சேரும், மதிப்பும் குறையும். அழுக்கு உறுத்துகிறதா, சரி, வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கையில் எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாணய சேகரிப்பாளர்