டோக்கியோ நிலையத்தில் உதவிய பெண்ணுக்கு நன்றி

டோக்கியோ நிலையத்தில், ரயில் சாப்பாட்டுப் பெட்டிகள் விற்கும் கடையில் எங்களுக்காக மெனக்கெட்ட அந்தப் பெண்ணுக்கு மனமார்ந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

அம்மா சுத்த சைவம். ஜப்பானில் காய்கறிதானே என்று நம்பி எடுத்தால் அதிலும் பெரும்பாலும் 'தாஷி' இருக்கும், காய்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. அந்தப் பெண் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி, பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்து, மீன் என்றால் தலையசைத்து மறுபடி அடுக்கினார். கடைசியில் உப்பிட்ட உமேபோஷி பழம் வைத்த சோற்று உருண்டையும் வறுத்த செஸ்ட்நட்டும் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் எங்கள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, மொரியோகா நெருங்கும்போது இடப்பக்கம் பாருங்கள், இவாத்தே மலை தெரியும் என்று கைபேசியில் தட்டிக் காட்டினார்.

ஹயபூசா அதிவேக ரயிலின் கிரான் கிளாஸ் என்ற உயர்வகுப்புப் பெட்டியில் மொத்தமே 18 இருக்கைகள். அகலமான தோல் இருக்கையில் சாய்ந்துகொண்டு அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டார். சொன்ன இடத்தில் மலை வெள்ளைவெளேரென்று நின்றது. 26 கிலோமீட்டருக்கும் நீளமான ஹக்கோடா சுரங்கத்தைத் தாண்டி ஷின்-அவோமோரி வந்தபோது கூரை, மரம், வேலி எல்லாமே பனிக்குள். கடலுக்கடியில் போகும் 53.85 கிலோமீட்டர் சைக்கன் சுரங்கம் முடிந்து வடக்குத் தீவான ஹொக்கைடோவில் வெளிச்சம் வந்ததும் அம்மா மறுபடி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

வெறும் வயிற்றோடு அவரைக் கூட்டிப்போயிருந்தால் இதில் எதையும் ரசித்திருக்க மாட்டார். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.