மீட்டரில் காட்டிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே பேட்டரி போச்சு என்று முடிவு கட்டிவிடுகிற பழக்கம் நம் பக்கம் ரொம்பவே பரவிவிட்டது. அதில் பணத்தை விட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை காங்கேயத்தில் ஒரு சீருக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினால் டக்டக்டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்த தம்பி பானட்டைத் திறந்ததுமே "பேட்டரி செத்துப்போச்சுங்ணா" என்றான். கையில் மீட்டர் இல்லை. சரி என்று புதுசு போட்டோம், வண்டி ஓடியது. மூன்றாவது வாரம் மறுபடியும் அதே டக்டக். இந்தத் தடவை "செல்ஃப் மோட்டாரை இறக்கோணுமுங்க" என்றார்கள்.

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் நாம் இப்படியா செய்கிறோம்? ஃபியூஸ் போயிருக்கிறதா, மூன்று ஃபேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் பாயிண்ட் கரிந்திருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அதெல்லாம் சரியாக இருந்தால்தானே மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குத் தூக்குகிறோம். தோட்டத்தில் இவ்வளவு நிதானமாக இருக்கிற நாமே காரென்று வந்துவிட்டால் அடுத்தவர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறோம். இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தோட்டத்து வேலைக்கு வாங்கி வைத்திருந்த மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் சுமாருக்குக் காட்ட வேண்டும், 12-க்கு வந்துவிட்டால் சார்ஜ் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையது 12.5. பையனைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டுப் பார்த்தால் 11.9-க்குத்தான் இறங்கியது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. செல்ஃப் இழுக்கும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். 11.9-லேயே நிற்கிறது, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, நடுவில் எங்கோ அடைத்திருக்கிறது.

அப்புறம் மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து மறுபடி சாவி திருப்பச் சொன்னேன். எர்த், அதாவது கரண்ட் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழி, ஒழுங்காக இருந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எனக்கு 2.8 காட்டியது! பேட்டரி மைனஸிலிருந்து பாடி வரைக்கும் 0.1தான், மீதி முழுக்கப் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போகிற பின்னல் எர்த் ஒயரிலேயே போய்க்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸ் பக்கத்து போல்ட்டுக்கு அடியில் துருவும் மண்ணும் அப்பியிருக்கிறது, போல்ட்டை விரலால் தொட்டாலே ஆடுகிறது. மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளவென்று தெரிகிற வரை தேய்த்து முறுக்கினேன். திரும்ப அளந்தால் 0.1. ஒரே திருப்பில் ஸ்டார்ட். புது பேட்டரியின் தெம்பில்தான் அந்த மூன்று வாரமும் வண்டி ஓடியிருக்கிறது.

எல்லாருக்கும் எர்த்தாகவே இருக்காது. சத்தமே வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் பக்கம் போக வேண்டும். டிக் என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் செல்ஃபையோ அதற்கு வருகிற கனத்த ஒயரையோ பார்க்கலாம். மீட்டர் இல்லாதவர்கள் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவி திருப்பிப் பாருங்கள்: லைட் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல், லைட் அப்படியே எரிந்துகொண்டிருந்தால் கோளாறு வேறு இடத்தில். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், பேட்டரி மூடிக்குள் மட்டும் அது போய்விடக் கூடாது. வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வரை காட்டாவிட்டால் டைனமோ சார்ஜ் போடவில்லை, எத்தனை பேட்டரி மாற்றினாலும் அது தீராது.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். விரலில் மோதிரம் வேண்டாம். பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, அதிலிருந்து வருகிற ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பேட்டரியைத் தொட்டுவிடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்க்கிறார்கள் என்று தெரியும். ஆனால் ஒரு பொருளை மாற்றும் முன் மீட்டரில் வந்த எண்ணை வண்டிக்காரரிடம் காட்டுங்கள், அதையே பில்லிலும் எழுதிக் கொடுங்கள். உங்கள் நாளிதழும் இந்தச் சோதனைகளைப் படத்தோடு ஒரு அரைப் பக்கம் போட்டால் நிறையப் பேருக்கு உதவும். என் பழைய பேட்டரியை அன்றைக்கே எடைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அதில் எத்தனை வோல்ட் இருந்தது என்று கடைசி வரை யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்