ஞாயிறு வகுப்பு: 'ஷென்னியூ'

நண்பர்களே, வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு, வூ யோங்காங் 1934இல் ஷாங்காயில் எடுத்த 'ஷென்னியூ' மௌனப்படத்தைப் பேசுகிறோம். தலைப்புக்குத் தேவமகள் என்று பொருள். உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணையும் அச்சொல் குறிக்கும்.

பள்ளி விழாக் காட்சியை மட்டும் இருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மேடையில் மகன் பாடுகிறான், அப்படிப் பிழைத்து அவனை வளர்க்கும் தாயின் முகம் மலர்கிறது. பார்வையாளர் வரிசையிலோ அவளைப் பற்றிய கிசுகிசு காதுக்குக் காது தாவுகிறது. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

தாயாக நடித்த ருவான் லிங்யூ, மறு ஆண்டே, பத்திரிகைகள் கிளப்பிய அவதூறுகளுக்கு நடுவே, 24 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அச்சாவுக்குப் பத்திரிகைகளையும் பொறுப்பாக்கி சீன எழுத்தாளர் லூ சுன் எழுதிய கட்டுரையையும் சேர்த்து வாசிப்போம்.

மொழிபெயர்ப்பு நகல் வேண்டுவோர் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே தெரிவியுங்கள்.