ஹட்டனிலிருந்து ஒரு பதில்: அந்த ஹெட்போனை விற்காதே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பண்டாரவளையில் நல்ல வெயில் என்று எழுதியிருக்கிறாய். இங்கே தென்மேல் பருவ மழை இன்னும் விட்டபாடில்லை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூடக் கத்தித்தான் கூப்பிட வேண்டும். சின்னவளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அக்காவுக்கு முழங்கால் வலி மட்டும் குளிரோடு கூடுகிறது.

சரி, உன் புளூடூத் ஹெட்போன் விஷயத்துக்கு வருகிறேன். மகன் ஆசையாக அனுப்பியது, ஆனால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே மச்சான். நீ எழுதியதைப் பார்த்தால் ஹெட்போனில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாட்டு உன் காதுக்கு வந்து சேருகிற வழியில்தான் எங்கேயோ தேய்கிறது.

முதலில் தலையைப் பார். சாயங்காலமானால் காதை மூடிக் கம்பளித் தொப்பி போடுகிற ஆள் நீ. அந்தத் தொப்பிக்கு மேலேயே ஹெட்போனை மாட்டுகிறாய் என்றால், பாதிக் காரணம் அதுதான். காதைச் சுற்றி மெத்தை நன்றாகப் பதிந்து உட்கார்ந்தால்தான் தாழ்ந்த ஒலி உள்ளே நிற்கும். சின்ன இடைவெளி இருந்தாலும் தவிலில் தொப்பி என்று சொல்கிற, தாழ்ந்த ஒலி தரும் பக்கம் காணாமல் போய்விடும். கூர்மையான ஒலியைக் கம்பளி வேறு உறிஞ்சிவிடும். கண்ணாடியின் காதுக்கம்பி தடிப்பாக இருந்தாலும் இதே கதை. தொப்பியைக் கழற்றி, கண்ணாடியையும் ஒருமுறை கழற்றிவிட்டுக் கேள். வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது போன். புளூடூத்தில் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். சீடியில் இருப்பது நொடிக்கு 1411 கிலோபிட் தகவல். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் வழக்கமாகப் போவது ஏறக்குறைய 328. சோனியின் எல்டாக் (LDAC) முறை 330, 660, 990 என்று மூன்று படிகளில் ஓடும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் எல்டாக் ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. ஐபோனில் கிடையாது, அது ஏஏசி முறையைத்தான் பிடிக்கும். உன்னுடையது ஆண்ட்ராய்டு போன்தானே? ஹெட்போன் பெட்டியில் எல்டாக் என்று போட்டிருந்தால், போன் செட்டிங்ஸில் புளூடூத் பக்கத்துக்குப் போய், ஹெட்போன் பெயருக்கு எதிரே உள்ள சக்கரக் குறியை அழுத்தி அதை இயக்கிவிடு. இன்னொன்று: போனோடும் டிவியோடும் ஒரே நேரத்தில் இணைத்து வைத்தால் பல ஹெட்போன்கள் எல்டாக்கை விட்டுவிட்டுச் சாதாரண முறைக்கு இறங்கிவிடும். பாட்டுக் கேட்கும்போது டிவி இணைப்பை வெட்டிவிடு.

990இல் பாட்டு விட்டுவிட்டு வந்தால் 660க்கு இறங்கு, அதில் நட்டம் ஒன்றுமில்லை. போனைக் காற்சட்டைப் பையில் வைக்காமல் முன்னால் மேசையில் வை. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலையை நம் உடம்பில் இருக்கிற தண்ணீர் விழுங்கும். வைஃபை ரவுட்டரும் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும், அதையும் கொஞ்சம் தள்ளி வை.

ஆனால் இந்த எண்களை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எஸ்பிசி என்றாலே மோசம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நீ கேட்கிற அறுபதுகளின் பாடல்களில் பல மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாக, பதிந்தவை. அதையும் யாரோ கசெட்டிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டிருந்தால், 990 என்ன, எத்தனை கிலோபிட்டாலும் அந்தக் குரலுக்குப் புது உயிர் வராது. நல்ல பிரதியைத் தேடிப் பிடிப்பதில் செலவழிக்கிற நேரம்தான் பிரயோசனமானது. ஸ்பாட்டிஃபையில் கேட்கிறாய் என்றால் ஒலித் தரத்தை 320 கிலோபிட் படிக்கு உயர்த்து. டேட்டா சேமிப்பு இயங்கினால் அது தானாகக் குறைத்துவிடும்.

இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால் அடித்தொனி ஒல்லியாகத் தெரிகிறது என்றும் எழுதியிருந்தாய். அது காதின் இயல்பு. சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த ஒலியைக் காது குறைவாகவே வாங்கும் என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் இரவில் அடித்தொனியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வது நியாயம்தான். மொத்தச் சத்தத்தை மட்டும் ஏற்றாதே. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், அவ்வளவுதான் உலக சுகாதார அமைப்பு சொல்கிற எல்லை. நம் வயதில் காதைக் காப்பாற்றிக்கொள்ளாமல் பிறகு எதைக் கேட்பது?

இரைச்சல் நீக்கும் வசதி மழைக்கு உதவுமா என்று கேட்டாய். பஸ் இஞ்சின் மாதிரித் தாழ்வாக, ஒரே சீராக வரும் உறுமலை அது நன்றாக அடக்கும். தகரத்தில் விழும் மழையில் உயர்ந்த ஒலிகள் அதிகம், அவற்றை மறிப்பது மெத்தைதான். அதனால் மெத்தையைப் பார்த்துக்கொள். மலைநாட்டு ஈரத்தில் செயற்கைத் தோல் சீக்கிரம் உரிந்துவிடும். கேட்டு முடித்ததும் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வை.

அப்புறம், மருமகன் மாசி மாதம் தோட்டத்துக் காமன் கூத்தில் தப்பு அடிப்பதை நல்ல மைக் வைத்துப் பதிந்திருக்கிறான். குச்சி தோலில் படுகிற வெடிப்பும், அதற்குப் பின்னால் வருகிற அதிர்வும் தனித்தனியாகக் கேட்கிறது. சின்ன வயதில் நாம் நெருப்பில் தப்பைக் காய்ச்சுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருப்போமே, அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அப்படி அனுப்பினால் தரம் குறையாது. தொப்பியைக் கழற்றிவிட்டு அதை முதலில் கேள். குச்சிச் சத்தம் மட்டும் வந்து அதிர்வு வராவிட்டால் எனக்கு எழுது, மெத்தையை மாற்ற வழி பார்க்கலாம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
பழைய வகுப்புத் தோழன்